ஊர் சேராத சாலைகள்

பசுவைக் குறிக்கத் தமிழில் 'ஆ' என்னும் ஓரெழுத்து ஒருமொழி உண்டு. அயர்லாந்தின் பழமொழியாகிய ஐரிஷில் அதற்கு ஈடான சொல் 'போ'. நம் செவியில் அது ஏவலாக ஒலிப்பது வேறு செய்தி. இந்தப் 'போ'விலிருந்து பிறந்ததே சாலையைக் குறிக்கும் 'போஹர்' என்னும் சொல். சொற்களுக்கு வேர் தேடும் பழக்கமே நான் நேரில் கண்டிராத அந்நாட்டுப் பாதைகளிடம் என்னைக் கொண்டு சேர்த்தது.

ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட கோர்மாக்கின் சொற்கோவை, போஹரின் அகலத்தைப் பசுக்களைக் கொண்டே அளக்கிறது. ஒரு பசு நெடுக்காகவும் மற்றொன்று குறுக்காகவும் நிற்க இடம் வேண்டுமாம். 'மாடு' என்றால் செல்வம் என்று பொருள் கொண்ட நமக்கு இவ்வளவையின் நியாயம் எளிதில் விளங்கும். போஹரின் சிறு வடிவம் 'போரீன்'. இருபுறமும் சாந்தின்றி அடுக்கிய கற்சுவர்கள். சக்கரத் தடங்களுக்கு நடுவே புல். எதிரில் ஒரு வண்டி வந்தால் யாரேனும் ஒருவர் பின்வாங்கியே தீர வேண்டும். வயலுக்கும் வீட்டுக்குமாக மக்கள் தம் தேவைக்கு இட்ட வழிகள் இவை.

யாருக்கும் தேவைப்படாத சாலைகளும் அங்கே உண்டு. 'பஞ்சச் சாலைகள்' என்று அவற்றை அழைக்கின்றனர். 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரைக் கருகல் நோய் தாக்கியது. ஏழைகளுக்கு அதுவே மூவேளை உணவு. உழைப்பின்றி உதவி இல்லை என்பது ஆண்ட பிரிட்டிஷ் அரசின் கொள்கை. தனியாருக்கு ஆதாயம் தரும் பணிகள் விலக்கப்பட்டமையால், பல இடங்களில் சாலை போடுவதே எஞ்சியது. 1847 மார்ச்சில் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இப்பணிகளில் இருந்தனர். குளிரில் பெண்களும் சிறுவரும்கூடக் கல் உடைத்தனர். கூலியோ உடைத்த அளவுக்கு. பசித்தவன் குறைவாக உடைப்பான்; குறைவாக உடைத்தவன் குறைவாக உண்பான்; மறுநாள் இன்னும் குறைவாக உடைப்பான். இக்கணக்கை வகுத்தவர்களுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? அப்பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் மாண்டனர்.

இலண்டன் கருவூலத்திலிருந்து இந்நிவாரணத்தை மேற்பார்த்த சார்லஸ் டிரெவெல்யன், 1859-இல் சென்னை மாகாண ஆளுநராக வந்தார். அவர் சென்று பதினாறு ஆண்டுகளில் இங்கும் தாது வருடப் பஞ்சம் மூண்டது. உணவை வீணாக்கினால் என் பாட்டி அவ்வாண்டின் பெயரைச் சொல்லித்தான் கடிந்துகொள்வார். அவர் அப்பஞ்சத்தைக் கண்டவர் அல்லர், கேட்டு வளர்ந்தவர். அப்போது பசித்தவர்களைக் கொண்டு பக்கிங்காம் கால்வாயின் சென்னைப் பகுதி வெட்டப்பட்டது. அதில் படகுகளேனும் ஓடின.

அயர்லாந்திலோ 1847 வசந்தத்தில் பணிகளைப் படிப்படியாக நிறுத்திக் கஞ்சித்தொட்டிகளைத் திறந்தனர். கல் சுமந்தவர்கள் சுமையை எங்கே இறக்கினார்களோ அங்கேயே பல சாலைகள் நின்றுவிட்டன. மலைச்சரிவில் பாதி வரை ஏறும் அப்பாதைகளின் முடிவில் ஊரில்லை, வீடில்லை. அப்பால் புல்வெளிதான்.