உம்மையின் காவல்

நான் பிறந்து வளர்ந்த ஊர் சிவகாசி. தீப்பெட்டி, பட்டாசு, அச்சு ஆகிய மூன்று தொழில்களும் அவ்வூர் மக்களுக்குச் சோறிடுவன. என் அன்னையார் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து தீப்பெட்டி ஒட்டுவார். என் மாமா ஓர் அச்சகத்தில் காகிதம் வெட்டும் பொறியை இயக்கி வந்தார். அது பழைய பொறி. ஒரு கையால் விசையை இழுத்தாலே கத்தி இறங்கிவிடும். ஒருநாள் இடக்கை தாளைச் சீர்செய்து கொண்டிருக்கையிலேயே வலக்கை விசையை இழுத்துவிட்டது. மாமாவின் இரண்டு விரல்கள் போயின.

சில ஆண்டுகளுக்குப் பின் நான் பொறியியல் கற்கச் சென்றேன். ஆசிரியர் கரும்பலகையில் 0, 1 என்னும் இரண்டே எண்களை மாற்றி மாற்றி எழுதி, "இவை தர்க்க வாயில்கள்" என்றார். ஜார்ஜ் பூல் என்னும் அறிஞர் 1854-இல் சிந்தனையின் விதிகளைக் கணிதமாக்கினார் என்றும், கிளாட் ஷானன் 1937-இல் அக்கணிதத்தை மின் சுவிட்சுகளுக்குப் பொருத்திக் காட்டினார் என்றும் விளக்கினார். எனக்கோ ஒன்றும் விளங்கவில்லை. அட்டவணையை நெட்டுருச் செய்துகொண்டு, விடுமுறைக்கு ஊர் திரும்பினேன்.

அன்று மாலை அன்னையார் விளக்கேற்றத் தீக்குச்சியைக் கிழித்தார். கண்டேன், தெளிந்தேன். குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டு உண்டு; பெட்டியின் ஓரத்தில் சிவப்புப் பாஸ்பரஸ் உண்டு. குச்சியும் வேண்டும், பெட்டியும் வேண்டும். இரண்டும் 1 ஆனால்தான் விடை 1. இதுவே 'ஆண்ட்' வாயில்; நம் இலக்கணம் கூறும் எண்ணும்மை! வாசலிலாவது கொல்லையிலாவது பொத்தானை அழுத்தினால் மணி ஒலிக்குமாயின், அது 'ஆர்' வாயில். மழை உண்டெனில் முற்றத்தில் பெட்டி காய்தல் இல்லை. மழை இல்லையெனில் காய்தல் உண்டு. இது 'நாட்' வாயில். இத்தகைய வாயில்கள் கோடிக்கணக்கில் கூடியதே இன்றைய கணினி.

மறுநாள் மாமாவின் அச்சகத்திற்குச் சென்றேன். அங்கே புதிய பொறி நின்றது. அதில் இரண்டு பொத்தான்கள் எட்ட எட்ட அமைந்திருந்தன.

"இரண்டையும் சேர்த்து அழுத்தினாலொழியக் கத்தி இறங்காது, மாப்பிள்ளை. இரு கையும் பொத்தான்மேல் இருக்கும்போது, எந்தக் கை கத்திக்கு அடியில் போகும்?" என்றார் மாமா. விரலிழந்த கையால் அப்பொத்தானைத் தடவிக் கொடுத்தார். என் கண்கள் கலங்கின.

மாணவர்களே! 1-உம் 0-உம் சேர்ந்தால் விடை 0 என்று நீங்களும் ஒருநாள் அட்டவணையில் எழுதுவீர்கள். ஒரு கை மட்டும் அழுத்தும்போது கத்தியை இறங்கவிடாமல் தடுப்பது அந்தச் சுழியமே என்பதை அன்று நினைவில் கொள்ளுங்கள்.