வெள்ளிக்கிழமை ஆப்பிளும் என் வீட்டுப் பழைய குக்கரும்



கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு கோப்பி கலக்கி வச்சுக்கிட்டுப் படிங்க. உள்ள சமையல் குறிப்பும் இருக்கு. ஆனா முதல்ல நான் செஞ்ச தப்பைச் சொல்லிடுறேன்.

நம்ம கோயில்ல வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் பிரசாதத்தோட ஒரு வாழைப்பழமும் ஒரு ஆப்பிளும் கொடுக்கிறது உங்களுக்குத் தெரியும். அர்ச்சனைத் தட்டுல வர்றது, உபயக்காரங்க பெட்டியில இறக்குறதுன்னு ஆப்பிளுக்குப் பஞ்சமே இல்ல. நவராத்திரி முடிஞ்ச வாரம் ஸ்டோர் ரூம்ல கால் வைக்க இடமில்ல.

ஆனா சாப்பிட்டு முடிச்சு கூட்டிப் பெருக்கும்போது தூண் ஓரத்துல, தட்டுக்கு அடியில, ஒண்ணு ரெண்டு ஆப்பிள் அப்படியே கிடக்கும். எனக்குக் கோபம் வரும். யாருன்னு கவனிச்சுப் பார்த்தா, பூக்கட்டுற நம்ம பாட்டி. வாழைப்பழத்தைச் சாப்பிட்டுட்டு ஆப்பிளை மெதுவா தூணுக்குப் பின்னாடி தள்ளி வைக்கிறாங்க. நானும் பெரிய மனுஷன் மாதிரி மைக்கைப் பிடிச்சு, "பிரசாதத்தைக் கண்ட இடத்துல போட்டுட்டுப் போறது சாமிக்கு அவமரியாதை, பெரியவங்களே இப்படிச் செஞ்சா பிள்ளைங்க என்ன கத்துக்கும்"னு பேசிட்டேன். பேர் சொல்லல. ஆனா என் பார்வை எங்க இருந்துச்சுன்னு அங்க இருந்தவங்களுக்குத் தெரியும்.

அடுத்த வெள்ளிக்கிழமை பாட்டி வரல. அதுக்கடுத்த வாரமும் வரல. அம்மனுக்குக் கடையில வாங்குன மாலைதான்.

மூணாவது வாரம் அவங்க விட்டுட்டுப் போன நார்க்கூடையை எடுத்துக்கிட்டு ஃபிளாட்டுக்குப் போனேன். பேத்திதான் கதவைத் திறந்துச்சு. "பாட்டிக்குப் பல் செட் உடைஞ்சு நாலு மாசமாச்சு அங்கிள், புதுசு இன்னும் போடல"ன்னு சாதாரணமா சொல்லிட்டு, தண்ணி எடுக்க ஐஸ்பெட்டியைத் திறந்துச்சு. கீழ்த்தட்டு முழுக்க ஆப்பிள். ஒவ்வொண்ணும் பேப்பர்ல சுத்தி, தோல் சுருங்கிப் போய். பிரசாதத்தைக் குப்பையில போடக் கூடாதுன்னு வாரா வாரம் வீட்டுக்குக் கொண்டு வந்திருக்காங்க. பேத்திக்கும் அலுத்துப் போச்சு. இடம் இல்லாமப் போன பிறகுதான், வேற யாராவது எடுத்துக்கட்டும்னு தூண் ஓரத்துல வச்சிருக்காங்க.

எனக்கு உட்கார முடியல. மன்னிச்சிடுங்கன்னு சொன்னேன். "நீ சரியாத்தானே தம்பி சொன்ன"ன்னு சொல்லிட்டு டீ போடப் போயிட்டாங்க. அது இன்னும் மோசமா இருந்துச்சு.

வரும்போது அந்த ஆப்பிளையெல்லாம் கேட்டு வாங்கிட்டு வந்தேன். குருக்கள்கிட்ட ஃபோன் போட்டுக் கேட்டேன். சாமிக்குப் படைச்சதை மறுபடி சாமிக்குப் படைக்கக் கூடாது, நாம சாப்பிடச் சமைச்சுக்கிறதுல தப்பில்லன்னு சொன்னாரு. சரின்னு இறங்கிட்டேன்.

எங்க வீட்டு ஓவன்ல கம்பி எரிஞ்சு போய் அது இப்ப மங்கு அடுக்குற அலமாரி. அதனால முதல்ல ரைஸ் குக்கர்ல கேக் மாதிரி மாவு ஊத்திப் பார்த்தேன். கால் மணி நேரத்துல 'டக்'குன்னு வார்முக்குப் போயிடுச்சு. பானையோட அடிச்சூடு 100 டிகிரியைத் தாண்டினா தண்ணி வத்திடுச்சுன்னு நினைச்சு அது அணைஞ்சிடும். அதுக்குச் சோறு மட்டும்தான் தெரியும். அடி கருப்பு, மேல பச்சை மாவு.

அடுத்து மகளோட ஏர் ஃபிரையர். ரொட்டியை நுணுக்கி நெய்யில பிசிறி ஆப்பிள் மேல தூவி உள்ள வச்சேன். அதுல காத்தாடி இருக்குன்னு எனக்கு யாரும் சொல்லல. தூளெல்லாம் பறந்து மேல கம்பியில ஒட்டி ஒரே புகை. வீட்டுக்காரம்மா ஜன்னலைத் திறந்துட்டு ஒண்ணும் பேசாம நின்னாங்க. மிச்சம் இருந்ததைச் சாப்பிட்டுப் பார்த்தா மேல மொறுமொறுன்னு இருந்துச்சு. பல்லில்லாதவங்களுக்கு மொறுமொறுன்னு செஞ்சிருக்கேன் பாருங்க, என் புத்தி!

கடைசியில கைகொடுத்தது எங்க அம்மா காலத்து அலுமினியப் பிரஷர் குக்கர். செஞ்சது இப்படித்தான்.

சின்ன ஆப்பிள் 6, தோல் சீவி நறுக்கி, ஒரு எலுமிச்சம்பழச் சாறு பிழிஞ்சுக்கணும். கறுக்காது, இனிப்பு ஆப்பிளுக்குப் புளிப்பும் கிடைக்கும். ஒரு கரண்டி தண்ணி, பட்டைத்தூள் ஒரு சிட்டிகை போட்டு ரைஸ் குக்கர்ல மசியிற அளவுக்கு வேக வச்சேன் (அதுக்கு அது சரியான ஆளு). இதுல சீனியே போடல. சுருங்கின ஆப்பிள்தான் நல்லா வேகுது, சீக்கிரமும் வேகுது.

மேல ஊத்துறதுக்கு ரவை 1 கப், தயிர் முக்கால் கப், பால் கால் கப், உருக்கின நெய் கால் கப், துருவின குலா மலாக்கா அரை கப். கலந்து 20 நிமிஷம் ஊற விடணும், ரவை உப்பணும். முட்டை கிடையாது. கடைசியா ஆப்ப சோடா அரை டீஸ்பூன். தயிர்ப் புளிப்பும் சோடாவும் சேர்ந்துதான் பொங்க வைக்குது, அதனால சோடா போட்டதும் நிக்காம ஊத்திடணும். குலா மலாக்கான்னா சீனி இல்லன்னு நினைச்சுக்காதீங்க, இனிப்பு நீர் உள்ளவங்களுக்கு அளவாத்தான் கொடுக்கணும்.

குக்கர் அடியில ஒரு விரல் உயரம் கல்லுப்பு, அது மேல ஒரு வளையம். ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கழட்டிடணும், இதை மறக்கவே கூடாது. தண்ணி ஊத்தக் கூடாது. சின்னத் தீயில 10 நிமிஷம் காய்ஞ்சதும், நெய் தடவின எவர்சில்வர் பாத்திரத்துல கீழ ஆப்பிள், மேல மாவுன்னு ஊத்தி உள்ள இறக்கி மூடினேன். பாதிப் பாத்திரத்துக்கு மேல ஊத்தாதீங்க. 45 நிமிஷம் ஆச்சு. மேல நிறம் வரல, வெளுப்பாத்தான் இருந்துச்சு. சூடு கீழயிருந்துதானே வருது. ஆனா கரண்டியால தொட்டா அமுங்குச்சு.

டிபன் கேரியர்ல எடுத்துக்கிட்டுப் போனேன். பாட்டி ஒரு வாய் எடுத்து நாக்குலேயே ரொம்ப நேரம் வச்சிருந்தாங்க. நான் பரீட்சை எழுதின பையன் மாதிரி நிக்கிறேன்.

"ஏலக்காய் தட்டிப் போட்டிருக்கலாம்"னாங்க. அப்புறம், "நார் இருக்கா கோயில்ல, நான் வாங்கிட்டு வரணுமா?"ன்னு கேட்டாங்க.

போன வெள்ளிக்கிழமை அம்மனுக்குப் பாட்டி கட்டின மாலைதான், பார்த்திருப்பீங்க.

வர்ற வெள்ளிக்கிழமை 20 பேருக்காவது இதைச் செய்யலாம்னு இருக்கேன். பழைய பிரஷர் குக்கர் சும்மா கிடந்தா கொடுத்து உதவுங்க, உப்பு நான் வாங்கிக்கிறேன். ஆப்பிள் தோல் சீவ சாயந்திரம் 5 மணிக்கு ரெண்டு மூணு பேர் வந்தா போதும். கடிக்க முடியாதவங்க யாராவது இருந்தா என்கிட்ட ஜாடையா சொல்லுங்க, மைக்கை இப்ப நான் தொடுறதில்ல.

ஏலக்காய் வாங்கியாச்சு.

ஓம் சக்தி.