எட்டு விநாடியில் ஒரு முகம்

ஒலி காதுக்கு உரியது. உருவம் கண்ணுக்கு உரியது. உருவத்தையே ஒலியாக்கிக் கடல் கடந்து அனுப்ப இயலுமா என்று 1957ஆம் ஆண்டில் ஒரு மாணவர் சிந்தித்தார். அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் பயின்ற காப்தோர்ன் மக்டோனால்ட் என்பவரே அவர்.

அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையம் ஒன்றுக்கு அன்று 60 லட்சம் ஹெர்ட்ஸ் அகலமுள்ள அலைவரிசை வேண்டியிருந்தது. அமெச்சூர் வானொலி அன்பர் தொலைதூரம் பேசும் சிற்றலையில் ஒரு குரலுக்குப் போதுமானதோ சுமார் 3,000 ஹெர்ட்ஸ். இரண்டாயிரத்தில் ஒரு பங்கு! ஆற்று நீரை வாய்க்காலில் விடுவது எங்ஙனம்?

மக்டோனால்ட் வாய்க்காலை அகலப்படுத்தக் கேட்கவில்லை; நீரை மெதுவாக விட்டார். தொலைக்காட்சியில் விநாடிக்கு 30 படங்கள் ஓடும். இவரோ எட்டு விநாடிக்கு ஒரே படம், 120 வரிகள் என்று வைத்தார். பின்னர் மேம்படுத்திய வடிவில் கறுப்புக்கு 1,500 ஹெர்ட்ஸ் சுருதி, வெள்ளைக்கு 2,300. சாம்பல் நிறங்களுக்கு இடைப்பட்டவை. வரி மாறுவதை அறிவிக்க 1,200 ஹெர்ட்ஸில் ஒரு சிற்றொலி. காதுக்கு இது வெறும் கீச்சொலிதான். ஆயினும் குரல் செல்லும் இடமெல்லாம் செல்லும். சாதாரண டேப் ரிக்கார்டரிலும் பதிவாகும்.

கடைசி வரி வருமுன் முதல் வரி மறைந்துவிடாதோ? அதற்காக, ராடாருக்கென்று செய்யப்பட்ட, ஒளி சற்று நேரம் தங்கும் திரைக்குழாயைப் பயன்படுத்தினார்கள். அந்நாளில் மருத்துவமனைகளில் இதயத் துடிப்பைக் காட்டிய திரைகளிலும் ஒளி இப்படித்தான் தங்கி மங்கும். நோயாளியின் படுக்கையருகே நின்று அந்தக் கோடு ஊர்வதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காத்திருப்பு புரியும். இருட்டறையில் முதலில் நெற்றி தோன்றும், பிறகு கண்கள், பிறகு புன்னகை. இடையே மின்னலின் இரைச்சல் புகுந்தால் ஒரு வரி கெடும். அடுத்த வரி தன்பாட்டில் வந்து சேரும். முகம் தெரிந்துவிடும்.

1958இல் இம்முறையின் முதல் வடிவை அவர் "க்யூஎஸ்டி" இதழில் விளக்கி எழுதினார். 1968இல் அமெரிக்க அரசு முறையாக அனுமதி அளித்தது. 1985இல் சாலஞ்சர் விண்கலத்தில் சென்ற டோனி இங்கிலாந்து விண்ணிலிருந்தே இப்படிப் படம் அனுப்பினார். பின்னர் கணினி வந்தது. சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து வண்ணப் படங்களும் இவ்வாறே ஒலியாக இறங்கியிருக்கின்றன.

மக்டோனால்ட் பிற்காலத்தில் மெய்யறிவைப் பற்றி நூல்கள் எழுதினார். அதில் வியப்பில்லை. உள்ளதன் அளவறிந்து, அதற்குள் முழு முகத்தையும் கொண்டுசேர்க்க இளமையிலேயே கற்றவர் அன்றோ! இன்று கைப்பேசியில் கணத்தில் முகம் வருகிறது. கணத்தில் அணைந்தும் போகிறது. வரும் முகத்துக்காக எட்டு விநாடி பொறுத்திருந்து பார்ப்பவர் எத்தனை பேர்?