காற்றை யார் எண்ணுவது?

கம்பெனி கொடுத்த கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டு வெளியில் வாங்கிய இசியூவைக் காரில் மாட்டியவர்களிடம் பேசிப் பாருங்கள். இன்ஜெக்டர், குதிரைத்திறன் என்று மணிக்கணக்கில் சொல்வார்கள். காற்றைப் பற்றிக் கேட்டால் மட்டும், "அதுக்கு ஒரு சென்சார் இருக்குதுங்க" என்று முடித்துவிடுவார்கள். செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருப்பதாலோ என்னவோ, கோவைப் பக்கம் இந்தப் பித்து கொஞ்சம் அதிகம். எனக்கும் அங்கேதான் தொற்றியது. பெட்ரோலை நாம் பீய்ச்சுகிறோம், அளவு நமக்குத் தெரியும். காற்று தானாக வருகிறது. எவ்வளவு வந்தது என்று யாராவது சொன்னால்தான் உண்டு. ஆகவே இசியூவின் பிராண்டைவிட, சொல்லப்போகிறவர் யார் என்பதுதான் முதல் கேள்வி என்பது என் கட்சி.

மேஃப் சென்சார், கல்யாண மண்டப வாசலில் நின்று தலை எண்ணுகிற ஆள். அதனுள் இருக்கும் சூடான கம்பியைக் காற்று குளிர்விக்கும். அதை அதே சூட்டில் வைத்திருக்கச் செலவாகும் மின்சாரத்தைக் கொண்டு காற்றின் எடையையே சொல்லிவிடும். மேப் சென்சார் உள்ளே இருக்கும் நெரிசலைப் பார்த்துச் சொல்பவர். மேனிஃபோல்டின் அழுத்தம், ஆர்பிஎம், காற்றின் சூடு மூன்றையும் வைத்து இசியூ கணக்குப் போடும். எண்ணுகிறவரே மேல் என்றுதான் தோன்றும். ஆனால் ரேஸ் கேம்ஷாஃப்ட் போட்ட எஞ்சினில் குறைந்த ஆர்பிஎம்மில் காற்று எதிர்த்து வந்து மறுபடி உள்ளே போகும். வாசல்காரர் ஒரே ஆளை இரண்டு தடவை எண்ணிவிடுவார். கிழிந்த ஹோஸ் வழியாகப் பின்வாசலில் நுழைந்தவர் அவர் கணக்கிலேயே வரமாட்டார்.

சிலிண்டருக்கு ஒரு த்ராட்டில் பாடி போட்டவர்களுக்கு நெரிசலும் சரியாகப் பிடிபடாது. த்ராட்டில் திறப்பை வைத்தே ஓட்டுவார்கள். சமவெளியில் சரி. ஊட்டியின் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. வெளிக்காற்றைப் பார்க்க இன்னொரு சென்சார் இல்லாவிட்டால் வண்டி கறுப்புப் புகை தள்ளிக்கொண்டுதான் ஏறும்.

எல்லோரும் அலட்சியம் செய்வது காற்றின் சூட்டைப் பார்க்கும் சென்சாரை. விலை குறைவு என்பதாலோ என்னவோ. 30 டிகிரிக் காற்று 60 டிகிரிக்குப் போனால், அதே அழுத்தத்தில் சுமார் 9 சதவீதம் எடை குறைந்துவிடும். இந்தச் சென்சாரை அலுமினிய மேனிஃபோல்டில் திருகி வைத்தால், டீக்கடையில் வண்டியை நிறுத்துகிற நேரத்தில் உலோகத்தின் சூட்டையெல்லாம் வாங்கிக்கொள்ளும். மறுபடி ஸ்டார்ட் செய்ததும் உள்ளே வருவது கொதிக்கிற காற்று என்று சொல்லும். இசியூ பெட்ரோலைக் குறைக்கும். வண்டி லீனாகித் திக்கும். மெக்கானிக் பாவம், பெட்ரோல் பம்பைக் கழற்றுவார். ஏர் ஃபில்டரை ஒட்டிய பிளாஸ்டிக் பைப்பிலோ, டர்போ இருந்தால் இன்டர்கூலருக்குப் பின்னாலோ வைத்தாலே பாதி வியாதி தீரும்.

மேப் வழியில் போனால், எந்த ஆர்பிஎம்மில், எந்த அழுத்தத்தில் சிலிண்டர் எவ்வளவு நிரம்பும் என்று சொல்லும் வீஇ டேபிளை நாமே நிரப்ப வேண்டும். 16-க்கு 16 என்றால் 256 கட்டங்கள். ஊருக்குள் ஓட்டும்போது சில கட்டங்களையே திரும்பத் திரும்பத் தொடுவோம். முழு த்ராட்டில் மூலையில் எஞ்சின் சில நொடிதான் நிற்கும். பிஸ்டன் உருகுவதும் அங்கேதான். அந்த மூலையை, வண்டியை நின்ற இடத்திலேயே ஓட்டிப் பார்க்கும் டைனோவில், ரிச்சாக, அதாவது பெட்ரோலைக் கூட்டி, ஆரம்பித்து மெல்லக் குறைத்து வர வேண்டும்.

புகையைப் பார்த்துக் காற்று-பெட்ரோல் விகிதம் சொல்லும் வைட்பேண்ட் மீட்டரில் 14.7 என்ற எண்ணைப் பிடித்துத் தொங்குகிறவர்களுக்கு ஒன்று. அது கலப்பில்லாத பெட்ரோலின் எண். இ20 பெட்ரோலுக்குச் சரியான விகிதம் 13.5 பக்கம், இருந்தும் பெட்ரோலுக்காக அளவிட்ட மீட்டர் அங்கேயும் 14.7 என்றே காட்டும், ஏனென்றால் அது உண்மையில் பார்ப்பது லாம்டாவை, அதாவது கலவை சரியான விகிதத்துக்கு எத்தனை மடங்கு என்பதை. மீட்டரையே லாம்டாவுக்கு மாற்றி வைத்துக்கொண்டால் பங்க்கில் எது ஊற்றினாலும் சரியான விகிதம் 1தான்.