ஒன்பது பின்

யூடியூப் பார்த்து யார் வேண்டுமானாலும் பிசி அசெம்பிள் பண்ணலாம், இதற்கு ஒரு கூலியா என்று ரிச்சி தெருவுக்கு வருகிறவர்கள் இப்போது முகத்துக்கு நேராகவே கேட்கிறார்கள். பண்ணலாம், ஓடவும் ஓடும். ஆனால் இரண்டு வருஷம் கழித்து அந்தக் கேபினெட்டைத் திறந்து ஒரு ராமை மாற்றப் போகிறவனுக்குத் தெரியும், அது தொழில் தெரிந்தவன் கைபட்டதா இல்லையா என்று.

கையில் புதுப் போர்டு வந்தால் நாங்கள் சிப்செட்டைப் பார்க்கும் முன் ஓரங்களைத்தான் பார்ப்போம். சிபியு எட்டு பின், ஹீட்சிங்க்கை ஒட்டிக்கொண்டு விரல் நுழையாமல் இருக்கிறதா? சாட்டா போர்ட்டுகள் பக்கவாட்டில் படுத்திருக்கின்றனவா, நிமிர்ந்து நின்று கிராபிக்ஸ் கார்டில் இடிக்கின்றனவா? 2032 பேட்டரி கார்டுக்கு அடியில் போய்விட்டால், அதை மாற்றக் கார்டையே கழற்ற வேண்டும்.

இதெல்லாம் பழகிவிடும். இத்தனை காலமாகியும் எரிச்சல் தீராதது ஃப்ரண்ட் பேனல்தான். போர்டின் கீழ் ஓரத்தில் ஒரு வரிசையில் ஐந்து, அடுத்ததில் நான்கு என்று ஒன்பது பின். ஐந்து பக்கம் ஹார்டு டிஸ்க் லைட்டும் ரீசெட்டும், நான்கு பக்கம் பவர் லைட்டும் பவர் சுவிட்சும். சுவிட்சை எப்படி மாட்டினாலும் வேலை செய்யும். லைட்டைத் திருப்பி மாட்டினால் எரியாது. போர்டில் பவர் லைட்டுக்கு அடுத்தடுத்து இரண்டு பின். சில கேபினெட்டிலோ நடு ஓட்டையைக் காலியாக விட்ட மூன்று பின் கனெக்டர். அப்போது ஊசி முனையால் பிளாஸ்டிக் நாக்கை லேசாகத் தூக்கி, ஒயரை உருவி, பக்கத்து ஓட்டையில் 'டிக்' என்று உட்காரும்வரை தள்ள வேண்டும். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பாய், கார்டு ஏறுவதற்கு முன்பே இந்த வேலையை முடிக்கச் சொல்வார். கார்டு ஏறிவிட்டால் போர்டில் அச்சடித்த எழுத்தே தெரியாது.

பாய் ஏடி காலத்து ஆள். அப்போது எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து பி8, பி9 என்று இரண்டு கனெக்டர் வரும். "கறுப்பும் கறுப்பும் ஒட்டணும்டா, மாறிச்சுன்னா போர்டுக்குக் கொள்ளிதான்" என்பார். 1995-இல் ஏடிஎக்ஸ் வந்து அந்தப் பயத்தை ஒழித்தது: ஒரே 20 பின், ஒரே பக்கமாகத்தான் இறங்கும். பின்னால் அது 24 ஆனது. யுஎஸ்பி ஹெடரிலும் ஆடியோ ஹெடரிலும் வெவ்வேறு இடத்தில் ஒரு பின்னை விட்டுவிட்டதால், ஒன்றை இன்னொன்றில் செருக முடியாது. இவ்வளவு யோசித்தவர்கள் இந்த ஒன்பது பின்னை மட்டும் தனித்தனி ஒயராகவே விட்டுவிட்டார்கள். போர்டு கம்பெனியும் கேபினெட் கம்பெனியும் கூடிப் பேசி ஒரே பிளாக்காகக் கொடுத்தால் தீர்ந்தது. ஆசுஸ் ஒரு குட்டி அடாப்டர் கொடுத்தது. ஒயர்களை வெளியிலேயே அதில் செருகி மொத்தமாகப் போர்டில் இறக்கலாம். அது எல்லாப் போர்டோடும் வந்திருக்க வேண்டும்.

இப்போது கனெக்டர்களையெல்லாம் போர்டின் முதுகுக்கே கொண்டுபோய்விட்டார்கள்; ஆசுஸில் பிடிஎஃப், எம்எஸ்ஐயில் ப்ராஜெக்ட் ஜீரோ. பார்க்கச் சுத்தமாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கேற்ற துளையுள்ள கேபினெட்டும் சேர்த்து வாங்க வேண்டும். புதுப் பையன்களுக்குக் கண்ணாடி வழியாகத் தெரிகிற பக்கம் மட்டும்தான் வேலை. யுஎஸ்பி 3 ஒயரை ஒரே இழுப்பில் பிடுங்குகிறார்கள். போர்டிலிருக்கும் பிளாஸ்டிக் கூடும் சேர்ந்து வந்துவிடுகிறது. கூட்டை ஒரு விரலால் அழுத்திப் பிடித்து, மெல்ல ஆட்டித்தான் எடுக்க வேண்டும். வீடியோவில் மாட்டக் காட்டுகிறார்கள், கழற்றக் காட்டுவதில்லை. போர்டு வரைகிறவர்களும் அப்படித்தான். விளக்குக்கு நாலு ஹெடர் வைக்க இடம் இருக்கிறது, பின்னுக்குப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி பெயர் அச்சடிக்க இடம் இல்லையாம்.