சென்று மீளும் தூதன்

மயிலாப்பூரில் ஓர் இல்லத்தில் இணையத் தொடர்பு திடீரென அற்றுவிடுகின்றது. ரூட்டரின் விளக்குகளோ முன்போலவே ஒளிர்கின்றன. பழுது கணினியிலா, ரூட்டரிலா, வீதிக்கு அப்பாலா? விளக்கை நோக்கி இதனை அறிதல் அரிது. வினவியே அறிதல் வேண்டும்.

அங்ஙனம் வினவும் கருவியே 'பிங்' என்னும் சிறு கட்டளை. அமெரிக்கப் படைத்துறை ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய மைக் மூஸ் என்பார் 1983 டிசம்பரில் ஒரே மாலைப்பொழுதில் அதனை இயற்றினார். நீர்மூழ்கிகளைத் தேடுவோர் ஒலியை விடுத்து எதிரொலிக்குச் செவிசாய்ப்பர். அவ்வொலியே இதற்குப் பெயராயிற்று. தம் வாழ்வில் பெரும்புகழ் தருவது இதுவே என முன்னரே அறிந்திருப்பின் இன்னும் ஓரிரு நாள் உழைத்திருக்கக்கூடும் என்று அவர் பிற்காலத்தில் எழுதினார்.

பல வீடுகளில் ரூட்டரின் முகவரி 192.168.1.1 என்பதாகும். கணினித் திரையில் 'பிங்' என அடித்து, அவ்வெண்ணை அடுத்து இடுக. மறுமொழி வரின் ரூட்டர் வரையில் வழி செவ்விது. இனி அப்பாலுள்ள முகவரியை வினவலாம். மறுமொழி வாராமை ஒன்றையே கொண்டு கருவி பழுதுற்றது எனத் துணிதல் கூடாது. வினாவுக்கு விடையளியாதவாறு அமைக்கப்பட்ட கருவிகளும் உள.

2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது நகரின் பல பகுதிகளில் தொலைபேசியும் இணையமும் செயலற்றன. அத்தகைய வேளையில் கருவி நீரில் மூழ்கியதா, மின்சாரம் நின்றதா, கம்பி அறுந்ததா எனப் பிங் கூறாது. எவ்விடம் வரை வழி உண்டு என்பதைக் காட்டுதற்கு 'டிரேஸ்ரூட்' என்னும் வேறொரு கட்டளை உண்டு. பழுது பார்ப்போர் எவ்விடத்திற்கு முதலில் விரைதல் வேண்டும் என்பது அதனால் ஒருவாறு விளங்கும்.

மறுமொழி மீளும் காலமும் பொருளுடையது. சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடலடிக் கம்பி ஒன்று 2002-இல் இடப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். ஆதலின் சென்று மீள 32 மில்லிநொடியேனும் ஆகும். எத்துணை விலையுயர்ந்த ரூட்டரும் இதனைக் குறைக்க மாட்டாது!

மூஸ் தாம் கேள்வியுற்ற செய்தி ஒன்றையும் உரைத்துள்ளார். ஓர் அலுவலகத்தில் தொடர்பு விட்டுவிட்டு அற்றது. அதன் பொறுப்பாளர், மறுமொழி வருந்தோறும் கணினி 'பிங், பிங்' எனக் கூவுமாறு செய்து, ஒலிபெருக்கியை உரக்க வைத்தார். பின்னர்க் கட்டடமெங்கும் நடந்து, இணைப்புகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார். ஓர் இணைப்பைத் தொட்டதும் கூவல் நின்றது.