நாலு விரல் ஆட்டம்

செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் லேனில் ஜீப்புக்கு அடியில் படுக்க முடியாது. அந்தோனியார் கோயிலுக்கு வருகிற சனம் காலையிலிருந்தே கொச்சிக்கடையை நிறைத்துவிடும். காலை நீட்டினால் யாராவது மிதித்துவிட்டுப் போவார்கள். அதனால் மூன்று மாதமும் ஞாயிறு பின்னேரங்களில் மட்டும்தான் வேலை நடந்தது. மழை பெய்தால் அதுவும் இல்லை.

ஜீப் என்று சொல்கிறோமே தவிர அது லாண்ட் ரோவர். சீரிஸ் 2ஏ, 2.25 லீற்றர் டீசல். நம் நாட்டில் நாலு சில்லும் இழுக்கிற எதுவும் ஜீப்தான், விடுங்கள். போகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் துரையின் வண்டியாக இருந்தது. அப்பா அதற்கு டிரைவர். தோட்டத்தில் அதைக் கழித்துவிட்டபோது கடன்பட்டு அவரே எடுத்துக்கொண்டு கொழும்புக்கு இறங்கிவிட்டார். அந்தக் கடனில் அம்மாவின் காப்பு இரண்டும் போனது. அந்தக் கதையை அம்மா சொல்லித்தான் நீங்கள் கேட்க வேண்டும். நம்பர் பிளேட்டின் நடுவில் சிங்கள ஸ்ரீ. 1958இல் அந்த எழுத்தின்மேல் வடக்கில் தார் பூசினார்கள், பதிலுக்குத் தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளில் தார் பூசினார்கள். எங்கள் வீட்டில் ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் அதே எழுத்துக்குச் சந்தனப் பொட்டு வைக்கிறோம்.

2022இல் டீசல் வரிசையில் நிற்க மாட்டாமல் வண்டி லேன் முனையிலேயே கிடந்தது. கியூஆர் வந்த பிறகும் அப்பா அதிகம் எடுக்கவில்லை. மறுபடி எடுக்கத் தொடங்கியபோதுதான் எங்களுக்குப் பயம் பிடித்தது. ஆமர் வீதியில் நேர் ரோட்டிலேயே ஸ்டியரிங்கை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே போவார். வண்டி ஓட்டோக்காரர்களை உரசுகிற மாதிரிப் போய்த் திரும்பும். அப்பாவுக்கு அறுபத்தெட்டு வயசு. சீனி இருக்கிறது. ஒரு கண்ணில் ஒப்பரேஷன் வேறு. நாங்கள் மூன்று பேரும் மொட்டை மாடியில் கூடிப் பேசி, திறப்பை வாங்கிவிடுவது என்று முடிவெடுத்தோம்.

கடுமையாக ஒன்றும் சொல்லவில்லை. “கொஞ்ச நாளைக்கு நாங்க ஓட்டுறோம்பா” என்றோம். அவர் திறப்பை மேசையில் வைத்துவிட்டு டீவியைப் போட்டார். இரண்டு நாள் எங்களோடு பேச்சில்லை.

பிறகு அப்பாயியைக் கூட்டிவர ஊருக்குப் போனோம். எங்களில் மூத்தவன்தான் ஓட்டினான். போகும்போதே முணுமுணுத்துக்கொண்டுதான் வந்தான். திரும்பி வரும்போது, கினிகத்தேனை தாண்டி ஒரு இறக்க வளைவில் முன் சில்லு பள்ளத்தில் விழுந்தது. ஸ்டியரிங் அவன் கையை உதறிவிட்டது. பிடித்துத் திருப்பினால் முதல் நாலு விரல் அகலத்துக்கு ஒன்றுமே நடக்கவில்லை. அதற்குப் பிறகு மொத்த வண்டியும் ஒரேயடியாகத் திரும்பியது. எதிரே பஸ். பஸ்காரர் ஒதுங்கினார், அவ்வளவுதான். பின்னால் அப்பாயி “முருகா” என்றது மட்டும் கேட்டது. கித்துல்கலையில் நிறுத்தி டீ குடித்தபோது மூத்தவனுக்கு கிளாஸைப் பிடிக்க முடியவில்லை, கை அப்படி நடுங்கியது. அந்தக் கடையில் வைத்துத்தான் எங்களுக்கு உறைத்தது. அப்பா ஆட்டினது வயசினால் இல்லை. அப்படி ஆட்டினால்தான் அந்த வண்டி நேராகப் போகும்.

வீட்டில் சொன்னதும் அம்மா விற்றுவிடுங்கள் என்றார். அதிலும் நியாயம் இருந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து பழைய வண்டிகளுக்கு வந்த விலை எல்லாருக்கும் தெரியும். எங்கள் வாசலுக்கே இரண்டு பேர் கேட்டு வந்திருந்தார்கள். ஆனால் இந்த ஸ்டியரிங்கோடு யாருக்கு விற்பது? வாங்குகிறவனும் பிள்ளை குட்டிகளைத்தானே ஏற்றுவான். அப்பாவோ, “லாண்ட் ரோவர்னா கொஞ்சம் ஆடத்தான்டா செய்யும்” என்று ஒரே பேச்சு. டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்சாங்கில் 1950களின் லாண்ட் ரோவர்களை வைத்து 3,636 மீற்றர் உயரத்துச் சந்தக்பு வரைக்கும் ஆட்களை ஏற்றிப் போகிறார்கள் என்று வீடியோ காட்டினோம். ஆடுகிற ஸ்டியரிங்கை வைத்துக்கொண்டு அந்தப் பாதையில் ஏற முடியுமா என்று கேட்டோம். பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார்.

முதலில் ஒரு கராஜில் கொடுத்தோம். ஸ்டியரிங் பெட்டியில் இருக்கிற ஸ்குரூவை இறுக்கித் தந்தார்கள். ஆட்டம் குறைந்தது. ஆனால் வளைவு முடிந்து கையைத் தளர்த்தினால் ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வரவில்லை, திருப்பின இடத்திலேயே நின்றது. முந்தியதைவிட மோசம். அதற்குப் பிறகுதான் கொட்டாஞ்சேனையில் வேலையை விட்டு வீட்டோடு இருந்த ஒரு வயதான பாஸைப் பிடித்தோம். அவர் குனிய முடியாது என்றார். ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து சொல்கிறேன், நீங்கள் செய்யுங்கள் என்றார். “மல்லி, பெட்டிய கடைசியாத்தான் தொடணும். மொதல்ல கீழ பாரு.”

கீழே போய்ப் பார்த்தால், இந்த வண்டியில் கையிலிருந்து சில்லுக்குப் போகிற வழி ரொம்ப நீளம். பெட்டியிலிருந்து ஒரு தண்டு முன்னுக்குப் போகிறது. அது ரிலே என்கிற ஒரு தூணைத் திருப்புகிறது. ரிலேயின் அடிக் கையிலிருந்து இரண்டாவது தண்டு ஒரு சில்லுக்கு, அங்கிருந்து மூன்றாவது தண்டு மற்றச் சில்லுக்கு. மூன்று தண்டு, ஆறு முனை, ஆறு போல் ஜொயின்ட். ஒவ்வொன்றிலும் அரை மில்லிமீற்றர் தேய்ந்தாலே போதும். அது எல்லாம் சேர்ந்து, பெட்டியின் பல்லுக் கணக்கில் பெருகி, மேலே வரும்போது நாலு விரல் ஆகிவிடுகிறது. ஒரே நாளில் தேய்ந்திருந்தால் அப்பா அன்றைக்கே வண்டியை நிறுத்தியிருப்பார். வருஷக் கணக்காகத் தேய்ந்ததால் அவர் கையும் அதோடு சேர்ந்தே பழகிவிட்டது.

சோதிக்கிற முறை லேசு. சில்லு தரையிலேயே இருக்க வேண்டும். ஒருவர் மேலே இருந்து ஸ்டியரிங்கை மெதுவாக அங்குமிங்கும் அசைக்க, ஒருவர் கீழே படுத்து ஒவ்வொரு ஜொயின்ட்டையும் கையால் பொத்திப் பிடிக்க வேண்டும். தண்டு அசைந்த பிறகு கொஞ்சம் பிந்தித்தான் அடுத்த பக்கம் அசைகிறது என்றால் அது போய்விட்டது. நாலு கெட்டிருந்தது. பாஸ் ஆறையும் மாற்றச் சொன்னார். பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கினோம். கழற்றுவதற்கு அவர் சொன்ன வித்தை: நட்டைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, ஜொயின்ட் உட்கார்ந்திருக்கிற கண்ணின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இரண்டு சுத்தியலால் அடி. பத்துத் தரம் மாறி மாறி அடித்தோம், அசையவில்லை. ஒரு தரம் இரண்டும் ஒன்றாக விழுந்தது, டொக்கென்று கழன்றது. தண்டின் ஒரு முனையில் இடப்புரி. அது தெரியாமல் நாங்கள் ஒரு பின்னேரம் முழுக்கக் கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருந்தோம். பாஸ் பார்த்துக்கொண்டேதான் இருந்தார், சொல்லவில்லை.

ரிலேதான் எங்களை அழ வைத்தது. சேஸியின் முன் குறுக்குச் சட்டத்துக்குள் செருகி நிற்கிற உருளை அது. உள்ளே எண்ணெயும் நெருக்கி வைத்த ஒரு ஸ்பிரிங்கும். அந்த ஸ்பிரிங் புஷ்களைத் தண்டோடு அழுத்திப் பிடிப்பதால்தான் பள்ளத்தில் விழும்போது அடி நேராகக் கைக்கு வராமல் இருக்கும். எங்களுடையதில் எண்ணெய் எப்போதோ ஒழுகிப் போய், கையால் திருப்பினாலே லொடலொடவென்று சுற்றியது. கினிகத்தேனையில் ஸ்டியரிங் ஏன் உதறியது என்று அன்றைக்கு விளங்கியது. துருவில் ஒட்டிக்கொண்ட அதை வெளியே எடுக்க மூன்று ஞாயிறு போனது. எண்ணெய் ஊற்றினோம், சூடு காட்டினோம், கீழே ஜெக் வைத்துத் தூக்கினோம். வெளியே வந்த பிறகு பாஸ் முதல்தடவையாகக் கதிரையை விட்டு எழும்பி வந்து, மா சாக்கால் அதைச் சுற்றிக் கட்டச் சொன்னார். திறக்கும்போது ஸ்பிரிங் பாய்ந்தால் முகத்தில் பல் இருக்காதாம். சாக்குக்குள் அது துள்ளின சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு அன்ரி வெளியே ஓடி வந்தார்.

புது புஷ் போட்டோம். மேலே காற்றுப் போக ஒரு துளையைத் திறந்து வைத்து மற்றதால் எண்ணெய் விட்டோம். பெட்டி ஸ்குரூவைத் தளர்த்திச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்தோம். சில்லுகளின் முன்பக்க இடைவெளி பின்பக்கத்தைவிட 1.2 முதல் 2.4 மில்லிமீற்றர் வரை குறைவாக இருக்க வேண்டும். டயரில் சோக்குக் கோடு போட்டு, டேப் பிடித்து, தண்டைத் திருப்பித் திருப்பி அதையும் எடுத்தோம். மூத்தவன் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, “கார் மாதிரிடா” என்றான்.

திறப்பை அப்பாவிடம் கொடுத்தோம். அப்பா, எங்கள்மேல்தான் பிழை என்று சொல்ல நினைத்திருந்தோம், யாருக்கும் வாய் வரவில்லை. எல்லாரும் ஏறிக்கொண்டோம். முகத்துவாரம் பக்கம் திருப்பினார். நூறு யார்கூடப் போகவில்லை, வண்டி பாம்பு மாதிரி நெளிந்தது. பின்னால் லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான். அப்பாவின் கை அதே பழைய ஆட்டத்தைத்தான் ஆடியது. முன்பு அந்த நாலு விரல் இடைவெளி அதை விழுங்கிவிடும். இப்போது விழுங்க ஒன்றும் இல்லை, கை அசைகிற ஒவ்வொன்றும் சில்லுக்குப் போனது. ஓரமாக நிறுத்திவிட்டு உள்ளங்கையைச் சாரத்தில் துடைத்தார்.

“என்னாடா பண்ணி வச்சிருக்கீங்க,” என்றார். “சொன்னதெல்லாம் கேக்குது.”

இப்போது ஞாயிறு விடிய ஐந்து மணிக்கு, ரோட்டில் லொறி குறைவான நேரத்தில், அவர் ஓட்டிப் பழகுகிறார். பக்கத்து சீட்டில் எங்களில் ஒருவர் இருக்க வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. வாய் திறக்கக் கூடாது என்பது அப்பாவின் நிபந்தனை. கண்ணையும் சீனியையும் பற்றி நாங்கள் இன்னும் பேச்செடுக்கவில்லை. அடுத்த மாதம் கிளினிக். போன ஞாயிறு முகத்துவாரம் வரை கை ஆடாமல்தான் போனார். திரும்பி வரும்போது ஒரு கொண்டெய்னர் லொறி எதிரே வந்தது. கை மறுபடி ஆடியது, ஆனால் இரண்டு விரல் அகலம்தான்.